பாத்தி கட்டிய பிறகே உப்புநீர்: இரத்த ஸ்டெம் செல் வளர்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உப்புநீரைப் பாய்ச்சுவதற்கு முன் பாத்தியின் தரையை நாள்கணக்கில் மிதித்து இறுக்குவார்கள். தரை நெகிழ்ந்து கிடந்தால் விளைகிற உப்பில் சேறு ஏறிவிடும். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் சொல்வது இந்தத் தரையைப் பற்றித்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டெம் செல்லைப் பற்றியே கேட்கிறார்கள். அதைத் தாங்கப்போகிற செல்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தரையில் தொடங்கியவை.

வெளியூரில் சில ஆண்டுகள் செல் வளர்ப்பு வேலை பார்த்துவிட்டு, இப்போது இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லூரியின் சின்ன ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்த குறிப்பு இது.

துணைச் செல் எதற்கு?

நம் இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் மூலம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு சிறு கூட்டம். இரத்த ஸ்டெம் செல் என்பது அதுதான். குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கவும், வேறு வகையாக முதிரவும் அதற்குத் தெரியும். 1961-இல் டொராண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலியின் மண்ணீரலில் தோன்றிய செல் திரள்களை எண்ணி, இப்படிப்பட்ட செல்கள் இருப்பதற்கு முதல் சான்றைக் கொடுத்தார்கள்.

இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, வெளியே எடுத்து வளர்ப்பது வேறு. மஜ்ஜையிலிருந்து பிரித்து வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால், சில நாள்களில் முதிர்ந்து தன் குணத்தை இழக்கும், அல்லது செத்துப்போகும். 1977-இல் மான்செஸ்டரில் டெக்ஸ்டர் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மஜ்ஜையில் இரத்தச் செல்களைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் சட்டகச் செல்களை முதலில் தட்டின் அடியில் ஒரு விரிப்பாகப் படியவிட்டு, அதன்மேல் இரத்தச் செல்களை வளர்த்தார்கள். மாதக்கணக்கில் அவை நின்றன. மறு ஆண்டே ஸ்கோஃபீல்டு என்பவர், ஸ்டெம் செல்லின் குணத்தைக் காப்பது அதைச் சூழ்ந்திருக்கும் இடம் என்ற கருத்தை வைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு அவர் எடுத்த niche என்ற சொல்லுக்கு நம் பழைய வீட்டுச் சுவரில் நேர்ப்பொருளே உண்டு: மாடம். காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளே வைத்த விளக்கு அணைவதில்லை. மஜ்ஜையின் மாடத்தில் இருக்கும் சட்டகச் செல்கள் ஸ்டெம் செல் காரணி, சி.எக்ஸ்.சி.எல்.12 போன்ற புரதங்களைச் சுரந்து பக்கத்துச் செல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாம் தட்டில் கட்டுவது அந்த மாடத்தின் ஒரு நகல். ஆய்வகத்தில் இதை ஃபீடர் என்பார்கள். நான் துணைச் செல் என்றே சொல்கிறேன்.

துணைச் செல் இல்லாமலும் இன்று வளர்க்கிறார்கள். 2019-இல் எலியின் இரத்த ஸ்டெம் செல்களைப் பாலிவினைல் ஆல்கஹால் கலந்த ஊடகத்தில், அதாவது செல்களுக்கு உணவாகும் திரவத்தில், வாரக்கணக்கில் பெருக்கிக் காட்டினார்கள். 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒமிடுபிசெல் என்ற மருந்து, தொப்புள்கொடி இரத்தச் செல்களை நிக்கோட்டினமைடு சேர்த்து வளர்த்துச் செய்வது. அப்படியானால் இந்தப் பழைய முறையை ஏன் கற்க வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தட்டில் இருப்பது உண்மையான ஸ்டெம் செல்லா, அதன் பேரப்பிள்ளையா என்று சோதிக்க இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது. அதோடு, செல்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

காகிதம் முதலில்

மஜ்ஜையில் மட்டுமல்ல, தொப்புள்கொடி இரத்தத்திலும் ஸ்டெம் செல் உண்டு; நாம் எடுக்கப்போவது அதிலிருந்துதான். பிரசவத்தின்போது கிடைக்கும் அந்த இரத்தம் பெரும்பாலும் குப்பைக்குப் போவதுதான். ஆனாலும் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். பிரசவ வலியின் நடுவே நீட்டாமல் முன்கூட்டியே பேசி வாங்க வேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் ஸ்டெம் செல் ஆய்வுக்கான குழுவும் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கலாம். இதற்கான தேசிய வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டிருக்கின்றன. படித்துவிட்டு வாருங்கள்.

ஊரில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் தயாராக இருங்கள். "முழங்கால் வலிக்கு ஆகுமா, சர்க்கரைக்கு ஆகுமா?" என்று என் அத்தையே கேட்டார். இரத்த நோய்களுக்கு இரத்த ஸ்டெம் செல் மாற்றுவது நிறுவப்பட்ட சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று நடக்கிறது. முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் என்று காசு வாங்கிக்கொண்டு ஊசி போடுவதை அந்த வழிகாட்டு நெறிகள் ஏற்பதில்லை. நம் தட்டில் வளர்வது யாருடைய உடம்புக்கும் போகப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடற்கரையில் ஓர் ஆய்வக அறை

பாடப்புத்தகம் இந்தப் பகுதியை எழுதுவதில்லை, ஏனென்றால் அதை எழுதியவர் உப்புக்காற்றில் குடியிருந்ததில்லை. எங்கள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டர் இரண்டே ஆண்டில் பச்சை பூத்துவிட்டது. வாரம் ஒருமுறை சோப்புநீர் தொட்டு இணைப்புகளில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நுண்ணோக்கியின் லென்ஸில் பூஞ்சை படரும். உறைபோட்டு உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள், நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் உவர்ப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. காய்ச்சி வடிக்கும் வடிகலனில் நேரடியாக அதை ஊற்றினால் சில வாரங்களில் உள்ளே வெள்ளையாகப் படிவு ஏறிவிடும். நாங்கள் காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்துவைத்து அதைத்தான் வடிக்கிறோம். செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரின் அடித்தட்டில் ஊற்றுவதும் வடித்த, கிருமிநீக்கிய நீராக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் மாற்றுங்கள்.

மின்சாரம் போனால் கைகள் பரபரக்கும். இன்குபேட்டரைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறக்காதீர்கள். மூடிய கதவுக்குள் சூடு நெடுநேரம் நிற்கும். ஒரே ஒருமுறை திறந்தாலும் சூடும் வாயுவும் போய்விடும்.

துணைச் செல்லைத் தயார் செய்தல்

புதியவர்கள் நிலைநாட்டப்பட்ட எலிச் செல் வரிசை ஒன்றோடு, அதாவது தட்டில் தொடர்ந்து பெருகும் ஒரே வகைச் செல்லோடு, தொடங்குவது நல்லது. எம்.எஸ்-5, ஓ.பி.9 இரண்டும் பேர்பெற்றவை. மனித மஜ்ஜையிலிருந்து நாமே சட்டகச் செல் பிரித்தெடுக்கலாம்தான். ஆனால் அது கொடுத்தவருக்குக் கொடுத்தவர் வேறுபடும். பிழை நம் கையிலா செல்லிலா என்று புதியவருக்குப் பிடிபடாது.

திரவ நைட்ரஜனில் இருக்கும் குப்பியை 37 டிகிரி நீரில் சட்டென்று உருக்குங்கள். கொஞ்சம் ஐஸ் மிச்சமிருக்கும்போதே எடுத்து, வெதுவெதுப்பான ஊடகத்தில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, சுழற்றி, உறைகாப்பு மருந்தை நீக்கித் தட்டில் இடுங்கள். எம்.எஸ்-5 செல்லுக்கு ஆல்ஃபா மெம் ஊடகமும் 10 சதவீதம் கன்றுக் கருச் சீரமும் போதும். ஓ.பி.9 கொஞ்சம் செல்லப்பிள்ளை. 20 சதவீதம் கேட்கும்.

இரண்டுக்கும் ஒரே விதி: தட்டு நிரம்பி வழிய விடாதீர்கள். சுமார் 80 சதவீதம் பரவியதும் பிரித்துப் புதிய தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பார்த்தேன், நன்றாக இருந்தது, திங்கள் பிரிக்கலாம் என்று ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது ஓ.பி.9 செல்களுக்குள் கண்ணாடிமணி போலக் கொழுப்புத் துளிகள் மின்னும். அழகாகத்தான் இருக்கும். அந்தத் தட்டு ஸ்டெம் செல்லைத் தாங்காது, கொட்டிவிடுங்கள். எத்தனையாவது முறை பிரித்தோம் என்ற எண்ணைத் தட்டின் மேல் எழுதுங்கள். எண் ஏற ஏறச் செல்லின் குணம் தேயும். அதனால் வாங்கியதும் முதல் வேலையாக, எண் சிறிதாக இருக்கும்போதே பத்துப் பதினைந்து குப்பிகளை உறையவைத்துவிடுங்கள்.

சீரம் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். ஒரே நிறுவனத்தின் இரு தொகுதிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறிய மாதிரி வாங்கிச் சோதித்து, நன்றாக வேலை செய்த தொகுதியையே மொத்தமாக வாங்கி வையுங்கள். டெக்ஸ்டர் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் குதிரைச் சீரத்தின் தொகுதி எண்ணை நம்பித்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

மைக்கோபிளாஸ்மா சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். இந்தக் கிருமி ஊடகத்தைக் கலங்கவைக்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. துணைச் செல் பிழைத்திருக்கும், ஆனால் சுரக்க வேண்டியதைச் சுரக்காது. காரணம் தெரியாமல் ஒரு பருவம் முழுக்க நான் ஏமாந்திருக்கிறேன்.

பெருக்கத்தை நிறுத்துதல்

ஸ்டெம் செல்லை விதைத்த பிறகு ஐந்து வாரம் காக்க வேண்டும். துணைச் செல் தொடர்ந்து பெருகினால் அதற்குள் தட்டையே தின்றுவிடும். உயிரோடு இருக்க வேண்டும், சுரக்க வேண்டும், பெருகக் கூடாது. கதிர்வீச்சால் பெருக்கத்தை நிறுத்தலாம்; அந்த வசதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு மைட்டோமைசின் சி என்ற மருந்து உண்டு. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். எத்தனை முறை என்று கேட்டால், உங்களுக்கு அலுத்த பிறகு இன்னும் ஒருமுறை. மருந்தின் மிச்சம் அடுத்து வரும் ஸ்டெம் செல்லையும் நிறுத்திவிடும். இது டி.என்.ஏ-வைப் பிணைக்கும் நச்சு. இரட்டைக் கையுறை போடுங்கள், கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கழுவிய செல்களை டிரிப்சின் என்ற நொதியால் தட்டிலிருந்து கிளப்பி எண்ணி, ஜெலட்டின் பூசிய 24 குழித் தட்டில் இடைவெளி இல்லாத விரிப்பாக இடுங்கள். மறுநாள் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் அந்தக் குழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரத்தம் வந்து சேரும் நாள்

மருத்துவமனையிலிருந்து முதன்முறை தொப்புள்கொடி இரத்தம் எடுத்துவர மீனவர் குடும்பத்துப் பையன் ஒருவனை அனுப்பினேன். தெர்மாகோல் பெட்டியோடு பெருமையாக வந்து இறங்கினான். திறந்தால் உள்ளே உடைத்த ஐஸ். ஐஸ் நின்று குளிரட்டும் என்று கல்லுப்பும் தூவியிருந்தான். பை ஐஸில் புதைந்து கிடந்தது.

"ஏன் தம்பி?"

"அக்கா, மீனுக்கே ஐஸ் வேண்டுமென்றால் இரத்தத்துக்கு வேண்டாமா?"

அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இந்தக் கடற்கரையில் தெர்மாகோல் பெட்டி என்றாலே ஐஸ்தான். ஆனால் உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும். ஒட்டிய இடத்தில் இரத்தம் உறைந்து, சிவப்பணுக்கள் உடைந்து, பையே தர்பூசணிச் சாறு போல ஆகியிருந்தது. அன்றைக்குப் பிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தவறு என்னுடையது, வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்: உறைதடுப்பு மருந்து கலந்த பை, காலிப் பெட்டி, வெயில் படாத இடம், அறை வெப்பநிலை. 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் பஸ்ஸின் எஞ்சின் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைக்காதீர்கள்.

வந்ததும் இரத்தத்தைச் சம அளவு உப்புத் தாங்கல் நீரோடு கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் கரைசலின் மேல், குழாயின் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் கலந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 400 ஜி விசையில் 30 நிமிடம் சுழற்றுங்கள். பிரேக்கை அணைத்து வையுங்கள். வேகமாக நின்றால் அடுக்குகள் குலையும். நடுவில் கஞ்சியின் ஏடு போல ஒரு வெண்படலம் நிற்கும். அதைத்தான் உறிஞ்ச வேண்டும்.

அந்தப் படலத்திலும் நூற்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவான செல்களே சி.டி.34 என்ற அடையாளப் புரதத்தைத் தாங்கியவை. காந்த மணிகள் ஒட்டிய எதிர்ப்பொருளால் அவற்றைப் பிடித்துப் பிரிக்கிறோம். இந்தப் படிக்குப் பெட்டியோடு வரும் குறிப்பை அப்படியே பின்பற்றினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சி.டி.34 இருப்பவை எல்லாம் ஸ்டெம் செல் இல்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரு பாதையில் இறங்கிவிட்டவை.

விதைத்தலும் ஐந்து வாரமும்

நீண்டகால ஊடகத்தில் குதிரைச் சீரமும் கன்றுக் கருச் சீரமும் 12.5 சதவீதம் வீதம் இருக்கும்; ஒரு மைக்ரோமோலார் ஹைட்ரோகார்ட்டிசோன் சேர்ப்பார்கள். ஹைட்ரோகார்ட்டிசோனை வாரத்துக்கு வாரம் புதிதாகக் கரையுங்கள். துணைச் செல் விரிப்பின் ஊடகத்தை நீக்கிவிட்டு, குழிக்குச் சில ஆயிரம் சி.டி.34 செல்களை இடுங்கள். எம்.எஸ்-5 மேல் மனிதச் செல் என்றால் 37 டிகிரி. எலி மஜ்ஜையை டெக்ஸ்டர் முறையில் வளர்ப்பதானால் 33.

பிறகு வேலை எதுவும் இல்லை என்பதுதான் கடினமான வேலை. வாரம் ஒருமுறை, மேலே இருக்கும் ஊடகத்தில் பாதியை மட்டும் எடுத்துப் பாதி புதிது சேர்க்க வேண்டும். முழுவதையும் மாற்றினால் துணைச் செல்கள் ஒரு வாரமாகச் சுரந்து சேர்த்ததெல்லாம் போய்விடும். பிப்பெட்டின் முனை விரிப்பைத் தொடக் கூடாது. தினமும் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நட்ட விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் முளைக்குமா?

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இரண்டு வகைச் செல்கள் தெரியும். மேலே பளபளவென்று உருண்டையாக மிதப்பவை முதிர்ந்துகொண்டிருப்பவை. புதியவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் மகிழ்வார்கள். விரிப்புக்கு அடியில் நுழைந்து, மங்கலாக, ஒன்றோடொன்று நெருங்கிப் பட்டையாகக் கிடப்பவற்றைத் தேடுங்கள். புத்தகங்கள் கூழாங்கல் பதித்த தரை என்று வர்ணிக்கும். எங்கள் பிள்ளைகள் செதில் என்கிறார்கள். பாறை மீனின் செதிலைக் கண்டவர்களுக்கு அதுவே பொருத்தம். நமக்கு வேண்டிய முதிராத குருத்தணுக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

எண்ணுதல்

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்தச் செல் நூறு மடங்கு பெருகியும் ஸ்டெம் செல் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். வளர்ப்பில் இருக்கும் செல்களின் மேற்பரப்பு அடையாளங்களும் மாறிவிடுவதால், சி.டி.34 எண்ணிக்கை மட்டும் சான்றாகாது. செல் என்ன செய்கிறது என்றே பார்க்க வேண்டும்.

ஐந்து வாரம் முடிந்ததும் மேலே மிதப்பவை, கீழே ஒட்டியவை இரண்டையும் திரட்டி, மெத்தில்செல்லுலோஸ் என்ற தேன் போன்ற கூழில் கலந்து 35 மில்லிமீட்டர் தட்டுகளில் ஊற்றுங்கள். பிப்பெட்டால் அளந்தால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சு வேண்டும். பெரிய தட்டு ஒன்றுக்குள் இவற்றோடு, மூடியில்லாத சிறு தட்டில் தண்ணீர் வைத்து மூடுங்கள். 14 நாள் கழித்துத் திரள்களை எண்ணலாம். சிவப்பேறியவை சிவப்பணு வழியினர், வெண்மையாகப் பரந்தவை வெள்ளையணு வழியினர், இரண்டும் கலந்தவை இன்னும் மூத்த தாயின் பிள்ளைகள். ஐந்து வாரத்துக்குப் பிறகும் திரள் எழுப்பும் செல்லைத் தந்தது எதுவோ, அதுவே நாம் தேடிய தொடக்கச் செல்.

குழிக்குக் குழி செல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே விதைத்தால் இன்னொரு கணக்கும் கிடைக்கும். எந்த அளவில் 37 சதவீதக் குழிகள் திரள் எதுவும் தராமல் வெறுமையாக இருக்கின்றனவோ, அந்த அளவில் குழிக்குச் சராசரியாக ஒரு தொடக்கச் செல் இருந்தது என்று பொருள். புள்ளியியல் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கே விழித்துக்கொள்வார்கள். மனிதச் செல்லை ஏற்கும்படி எதிர்ப்புத்திறன் நீக்கிய எலியில் செலுத்தி, மாதங்கள் கழித்து அதன் மஜ்ஜையில் மனித இரத்தம் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே கடைசித் தேர்வு. அது எங்கள் ஆய்வகத்தால் முடியாதது. உங்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

எப்போது தொடங்குவது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். அடைமழையில் அறைச் சுவரே பூஞ்சை பூக்கும். ஏழு வார வேலையை ஒரு வித்து கெடுத்துவிடும். பொங்கல் கழிந்து துணைச் செல் குப்பியை உருக்குங்கள். விரிப்பு தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும். குழந்தை நம் நாள்காட்டியைப் பார்த்துப் பிறப்பதில்லை; நள்ளிரவில் அழைப்பு வரும், ஞாயிறன்று வரும். சில நாள்களுக்கு ஒருமுறை புதிய விரிப்பு ஒன்றைப் போட்டுவைத்துக்கொண்டே இருங்கள். எந்த விரிப்பும் பத்து நாளுக்கு மேல் பழசானால் பயன்படுத்தாதீர்கள்.